மீதி இரத்தம் எங்கே போனது?

உண்ணி பரப்பும் ஒட்டுண்ணியான பபீசியா கிப்சோனி பிடித்த நாயின் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமிட்டுப் பார்த்தால், நூறு செங்குழியத்தில் இரண்டிலோ மூன்றிலோதான் ஒட்டுண்ணி தெரியும். பல வேளைகளில் அவ்வளவும் இராது. முழுத் தகட்டையும் துழாவி ஏழெட்டு அகப்பட்டால் நல்ல காலம். அதே நாயின் பிசிவி, அதாவது நூறு பங்கு இரத்தத்தில் செங்குழியம் எத்தனை பங்கு என்ற கணக்கு, 14 என்று நிற்கும். சுகமான நாய்க்கு அது 37க்கும் 55க்கும் இடையில் இருக்கவேண்டும். நூறில் மூன்று குழியத்தை மட்டும் பிடித்த கிருமி, உடம்பின் செங்குழியத்தில் மூன்றில் இரண்டு பங்கை எப்படித் தின்றது?

அது தின்னவில்லை. பெரும்பகுதியை அழித்தது நாயின் சொந்த மண்ணீரல். கிருமியை விரட்டப் புறப்பட்ட நிர்ப்பீடனம், அதாவது உடம்பின் நோயெதிர்ப்பு, கிருமி இல்லாத குழியங்களையும் சேர்த்து அள்ளிவிட்டது.

இந்த ஒன்று விளங்கினால், இந்த நோயில் வீட்டுக்காரர் தடுமாறுகிற இடமெல்லாம் விளங்கும். ஊசி போட்ட மறுநாள் எழும்பி ஓடிய நாய் ஆறு கிழமையில் ஏன் திரும்பப் படுக்கிறது, தெருநாய் உடம்பு முழுக்க உண்ணியோடு எப்படித் திரிகிறது, இரும்புச்சத்து ரொனிக் ஏன் எடுபடுவதில்லை என்பதெல்லாம் இதற்குள் அடக்கம்.

யாழ்ப்பாணத்தில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று ஒரே பெயரால் சொல்வது குறைந்தது மூன்று நோய்களை. எர்லிக்கியா கனிஸ் ஒரு பற்றீரியா, வெண்குழியத்துக்குள் ஒளிந்திருக்கும். ஹெப்பற்றோசூன் கனிஸ், உண்ணி கடித்து வருவதல்ல. நாய் தன்னைச் சொறிந்து கடிக்கும்போது உண்ணியை விழுங்குவதால் வருவது. மூன்றாவதுதான் பபீசியா. செங்குழியத்துக்குள் வாழும் ஒற்றைக்கல ஒட்டுண்ணி. மலேரியாக் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று தந்தது. நம் நாய்களுக்கு அப்படியொரு விடுதலை இன்னும் கிடைக்கவில்லை. பபீசியா கிப்சோனி முதலில் விவரிக்கப்பட்டதும் கடலுக்கு அந்தப்பக்கம் சென்னையில்தான். 1910இல் பற்றன் என்பவர் அங்கிருந்த வேட்டை நாய்களின் இரத்தத்தில் அதைக் கண்டார். பிறகு நரியின் இரத்தத்திலும் கண்டார்.

பபீசியாவிலும் இங்கே முக்கியமாக இரண்டு வகை உண்டு. உருவில் பெரிய பபீசியா வோகெலி, வளர்ந்த நாயில் பெரும்பாலும் மெதுவாகவே நடந்துகொள்ளும். சிறிய கிப்சோனிதான் பொல்லாதது. அதைப் பரப்பும் உண்ணிகளில் ஒன்றான ஹீமபைசாலிஸ் பைஸ்பினோசா ஆட்டிலும் மாட்டிலும் ஏறும். வீட்டுக் கோடியில் ஆட்டுக்கொட்டில் இருந்து, நாய் அதன் பக்கத்தில் படுத்தால், நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம்.

உண்ணி வாயை வைத்த உடனே கிருமி இறங்குவதில்லை. பசித்து வந்த உண்ணி ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கத் தொடங்கிய பிறகே அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமி முதிர்கிறது. அதற்கு இரண்டு மூன்று நாள் எடுக்கும். தினமும் பின்னேரம் நாயின் காது மடிப்பு, கழுத்துப்பட்டிக்குக் கீழ், விரல் இடுக்கு, கக்கம், வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். நேற்று ஏறிய உண்ணியை இன்று கழற்றினால் அநேகமாக நோயையும் சேர்த்துக் கழற்றியாயிற்று. நாய் தானே சொறிந்து காட்டும் என்று இருக்கவேண்டாம். உண்ணியின் உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் வைக்கிற பொருளும் உண்டு, கடித்த இடத்தில் அழற்சியை அடக்குகிற பொருளும் உண்டு. நிர்ப்பீடனத்தின் முதல் காவலை மயக்கிவிட்டுத்தான் அது உள்ளே வருகிறது. தெள்ளுக் கடிக்குத் துள்ளுகிற நாய் உண்ணிக்குப் பேசாமல் படுத்திருப்பது இதனால்தான்.

செங்குழியத்துக்குள் புகுந்துவிட்ட பபீசியாவுக்கு அது நல்ல ஒளிப்பிடம். உடலின் மற்றக் கலங்கள், தமக்குள் அந்நியன் நுழைந்தால் அவனது துண்டொன்றை வெளிச்சுவரில் தூக்கிக் காட்டும். அதைக் கண்டு கொல்லவரும் நிணநீர்க்குழியங்கள் உண்டு. முதிர்ந்த செங்குழியத்தில் கருவும் இல்லை, அப்படித் தூக்கிக் காட்டும் ஏற்பாடும் இல்லை. அந்நியன்மேல் ஒட்டவென்று உடம்பு செய்யும் புரதமான பிறபொருளெதிரியும் கலத்துக்குள் போகாது. கிருமி ஒரு குழியத்தை உடைத்து வெளியே வந்து அடுத்ததற்குள் ஏறுவதற்கு இடைப்பட்ட சிறு பொழுதில்தான் அதைப் பிடிக்கமுடியும். அந்தப் பிறபொருளெதிரியும் போதிய அளவில் உருவாக ஒன்றிரண்டு கிழமை வேண்டும்.

ஆகவே தொடக்கத்தில் சுமை முழுவதும், அந்நியனை விழுங்கும் தின்குழியங்களின் தலையில். நிணநீர்க்குழியங்கள் இன்ரபெரோன் காமா என்ற சைகைப் பொருளைச் சுரந்து அவற்றை உசுப்பிவிடும். உசுப்பப்பட்ட தின்குழியம் நைத்திரிக் ஒட்சைட்டையும் வேறு நச்சுகளையும் உண்டாக்கிக் கிருமியைத் தாக்கும். கூடவே காய்ச்சலைக் கிளப்புகிற பொருள்களையும் இரத்தத்தில் விடும். நாய் சோறு தின்னாமல் இருட்டு மூலையில் சுருண்டு கிடப்பது பெரும்பாலும் அந்தப் பொருள்கள் செய்யும் வேலை.

போர் நடக்கிற களம் மண்ணீரல். அதன் உள்ளே மிகக் குறுகிய பிளவுகள் உண்டு. செங்குழியம் வளைந்து நெளிந்து அவற்றுக்குள்ளால் போகவேண்டும். கிருமி ஏறிய குழியம் விறைத்து நிற்கும், வளையாது, பிளவில் சிக்கும், அங்கே காத்திருக்கிற தின்குழியம் அதை விழுங்கும். நல்ல ஏற்பாடு. மண்ணீரலை வெட்டி எடுத்த நாய்க்கு பபீசியா வந்தால் ஏன் கடுமையாகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

பிழைக்கிற இடம் இனித்தான். கிருமி உடைத்த குழியங்களின் துண்டுகளும் கிருமியின் கழிவும் நல்ல குழியங்களின் மேலும் ஒட்டும். அழற்சியில் பிறக்கும் ஒட்சியேற்றப் பொருள்கள் நல்ல குழியத்தின் மென்சவ்வையும் பழுதாக்கும். இப்படி உருமாறிய குழியத்தைத் தன்னுடையது என்று நிர்ப்பீடனம் அடையாளம் காண்பதில்லை. பிறபொருளெதிரி அதன்மேல் ஒட்டுகிறது. ஒட்டியதை மண்ணீரல் விழுங்குகிறது. பாதியாகக் கடிபட்டுத் தப்பிய குழியம் நடு வெளிறாத சிறு உருண்டையாகத் தகட்டில் தெரியும். இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகளுக்கும் இதே கதிதான். இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டியது சில பத்தாயிரத்துக்கு இறங்கும். வேலை கூடியதால் மண்ணீரல் வீங்கும். இடப்பக்க விலாவுக்குக் கீழே வயிற்றில் கைவைத்தால் வைத்தியருக்குத் தட்டுப்படும்.

வீட்டுக்காரர் கண்ணில் இது எப்படித் தெரியும்? முரசை, அதாவது பல் ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டியது வெளிறி, கடைசியில் கடதாசி வெள்ளையாகும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பவேண்டும். முரசு கறுத்த நாய்க்குக் கண்ணின் கீழிமையை இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள். சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனால், உடைந்த செங்குழியத்தின் நிறப்பொருள் வெளியேறுகிறது என்று அர்த்தம். நித்திரையில் இருக்கும்போது மூச்சை எண்ணுங்கள்; ஒரு நிமிடத்துக்கு 30க்கு மேல் போனால் கவனம். காய்ச்சலை மூக்கைத் தொட்டுப் பார்ப்பது வீண். வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்க்கவேண்டும், 39.2 பாகை செல்சியஸ், அதாவது ஏறத்தாழ 102.5 பரனைட் வரை சாதாரணம். காய்ச்சல் என்று பரசிற்றமோல் குளிசை கொடுக்கவே கூடாது. அது செங்குழியம் ஒட்சிசனைக் காவுகிற திறனையே கெடுக்கும். ஏற்கெனவே இரத்தம் வற்றிய நாய்க்கு அது கொலை.

நோயை உறுதிசெய்யும் சோதனைகளில் மிக மலிவானது இரத்தப் பூச்சுத் தகடு. அதை எடுக்கும் விதத்தில்தான் வெற்றி இருக்கிறது. காலின் பெரிய நாளத்திலிருந்து எடுப்பதைவிட, காது மடலின் ஓரத்தைக் குத்தி வரும் முதல் துளியில் கிருமி கூடுதலாக அகப்படும். மயிரை வழித்து, ஸ்பிரிட் முழுதும் காய்ந்தபின் குத்தவேண்டும். இரண்டாவது தகட்டை 30 முதல் 45 பாகை சாய்வில் பிடித்து ஒரே இழுப்பில் இழுத்து, உடனே விசிறிக் காயவைக்கவேண்டும். மாரி காலத்து ஈரக்காற்றில் மெதுவாகக் காயும் தகட்டில் செங்குழியத்துக்குள் பளபளவென்று சிறு வளையங்கள் தோன்றும். அவை நீர்க்குமிழின் தடம், கிருமி அல்ல. செங்குழியத்தின் மேல் வந்து குந்திய சிறுதட்டையும் கிருமி என்று எண்ணுவது வழமை. மெதனோலில் இரண்டு மூன்று நிமிடம், 10 சதவீத ஜீம்சாச் சாயத்தில் அரை மணித்தியாலம், பிறகு எண்ணெய் வில்லையில் ஆயிரம் மடங்கு பெருப்பித்துப் பார்க்கவேண்டும். தகட்டில் ஒன்றும் இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. பழகிப்போன நோயில் கிருமி மிகச் சொற்பம். அங்கே கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனைதான் முடிவு சொல்லும். பிறபொருளெதிரிச் சோதனை இன்னொரு பொறி. முதல் கிழமையில் நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வரும். நோய் வந்துபோன நாயில் மாதக்கணக்காக ‘உண்டு’ என்றே வரும்.

வைத்தியரின் மேசையிலேயே ஒரு நிமிடத்தில் பார்க்கக்கூடிய இன்னொன்றும் உண்டு. தகட்டில் ஒரு துளி இரத்தத்தோடு நாலு துளி சேலைன் கலந்து மெல்ல ஆட்டினால், செங்குழியங்கள் பிரியாமல் கட்டி கட்டியாக நிற்கின்றனவா என்று பாருங்கள். நின்றால் பிறபொருளெதிரி அவற்றைக் கோத்துப் பிடித்திருக்கிறது. நாய் தன் இரத்தத்தையே எதிர்த்து நிற்பதை அங்கே வெறுங்கண்ணால் காணலாம்.

மருந்துக்கு வருவோம். காய்ச்சலோடு வந்த நாய்க்கு முதலில் டொக்சிசைக்கிளின் தொடங்குவது வழமை, அது எர்லிக்கியாவுக்கு. கிலோவுக்கு 10 மி.கி. கணக்கில் 28 நாள். எர்லிக்கியா என்றால் ஒன்றிரண்டு நாளில் நாய் தலைதூக்கும். மூன்று நாளாகியும் முரசு வெளிறிக்கொண்டே போனால் பபீசியாவைத் தேடவேண்டும். ஒரே நாயில் இரண்டும் சேர்ந்தே இருப்பதும் சாதாரணம்.

மாட்டுக்கென்று வரும் டிமினசீன் ஊசிதான் பபீசியாவுக்குப் பரவலாகப் போடப்படுவது. நாய்க்கு அளவு கிலோவுக்கு 3.5 மி.கி., தசையில் ஆழமாக, ஒரே தடவை. இதில் நோய் தணியும். கிப்சோனி முற்றாக அழியாது. ‘சரிவரவில்லை, இன்னொரு ஊசி போடுங்கோ’ என்று வைத்தியரை நெருக்கவேண்டாம். அளவுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கூடினால் ஒன்றிரண்டு நாளில் கண் துடிக்கும், கழுத்து பின்னுக்கு வளையும், மூளையில் இரத்தம் கசியும். அந்த நஞ்சை முறிக்க மருந்து இல்லை. நிறையைக் கண்ணால் மதிப்பிட்டுப் போடுவதே இங்கே பெரிய பிழை. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்துப் பாருங்கள். அந்த எண்ணைக் கொண்டுபோய் வைத்தியரிடம் சொல்லுங்கள். இமிடோகார்ப், பெரிய பபீசியாவுக்கு நன்றாக வேலை செய்யும், கிப்சோனிக்கு நம்பமுடியாது.

கிப்சோனியை உடம்பிலிருந்து துடைத்தெடுக்கக்கூடியதாக இன்று முன்வைக்கப்படுவது இரண்டு மருந்துகளின் கூட்டு. அற்றோவாகுவோன் கிலோவுக்கு 13.3 மி.கி., எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை; அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மி.கி., நாளுக்கு ஒருமுறை. இரண்டும் 10 நாள். 20 கிலோ நாய்க்கு முதலாவது ஒவ்வொரு வேளையும் 266 மி.கி., மற்றது நாளுக்கு 200 மி.கி. அற்றோவாகுவோனை வெறும் சோற்றோடு கொடுத்தால் அநேகமாகக் குடலோடு வெளியே போய்விடும். கொழுப்புள்ள இறைச்சியோ முட்டையோ கூட இருக்கவேண்டும். மலேரியாவுக்கான சில குளிசைகளில் அதனோடு புரோகுவானிலும் கலந்திருக்கும். அது நாயைச் சத்தியெடுக்க வைக்கும். விலையையும் தட்டுப்பாட்டையும் பார்த்து நாலாம் நாளோடு நிறுத்துவது, தொடங்காமல் விடுவதைவிடக் கெடுதி. அற்றோவாகுவோனுக்கு மசியாத கிருமி உருவாவது இந்த நோயில் நன்கு தெரிந்த ஆபத்து. அது கிடைக்காத இடத்தில் கிளின்டமைசின், டொக்சிசைக்கிளின், மெற்றோனிடசோல் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் முறையும் உண்டு. நாள் கூட எடுக்கும்.

ஸ்ரெரொயிட் ஊசியைப் பற்றி உரத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. டெக்சாமெதசோன் போட்ட நாய் சில மணித்தியாலத்தில் எழும்பித் தின்னும். காய்ச்சல் இறங்கும். செங்குழியத்தை விழுங்கும் தின்குழியத்தின் கை கட்டப்படுவதால் பிசிவிகூட ஏறும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதே தின்குழியம்தான் கிருமியையும் பிடித்துக்கொண்டிருந்தது. காவல் விலகிய இரத்தத்தில் கிருமி பெருகி, அடுத்த விழுகை முதலாவதைவிட மோசமாக வரும். கிருமிக்கு மருந்து ஏறியபின்னும் செங்குழியங்கள் கட்டி கட்டியாக ஒட்டுவது நிற்கவில்லை, செங்குழியம் தொடர்ந்து அழிகிறது என்றால் அளவோடு ஸ்ரெரொயிட் சேர்ப்பதற்கு நியாயம் உண்டு. கிருமிக்கு எதுவும் கொடுக்காமல், தனியே ‘காய்ச்சல் ஊசி’ என்று போடுவதற்கு நியாயமே இல்லை. என்ன ஊசி போட்டீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குவது வீட்டுக்காரரின் உரிமை.

பிசிவி 15க்குக் கீழே போய், நாய் மூச்சுவாங்கினால் இரத்தம் ஏற்றவேண்டி வரும். கணக்கு எளிது: கிலோவுக்கு 2 மி.லீ. முழு இரத்தம் பிசிவியை ஒரு புள்ளி உயர்த்தும். 20 கிலோ நாயை 12இலிருந்து 22க்குக் கொண்டுவர 400 மி.லீ. வேண்டும். இரத்தம் கொடுக்கிற நாய் 25 கிலோவுக்கு மேற்பட்டதாகவும், பபீசியா இல்லை என்று பிசிஆரில் பார்த்ததாகவும் இருக்கவேண்டும். தோற்றத்தில் சுகமான நாய் போதாது. கிருமி இரத்தத்தோடே வந்துசேரும். முதல் தடவை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இரண்டாம் தடவைக்குப் பொருத்தம் பார்க்காமல் ஏற்றக்கூடாது.

சாப்பாட்டில் நம்மூருக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. நாய்ச் சோற்றில் ஊற்றுகிற மிச்சச் சொதியிலும் சம்பலிலும் கறியிலும் சின்ன வெங்காயம் இல்லாமல் இராது. வெங்காயம், பச்சையோ சமைத்ததோ, நாயின் செங்குழியத்தை ஒட்சியேற்றி உடைக்கும். உடல் நிறையில் 0.5 சதவீதம், 20 கிலோ நாய்க்கு 100 கிராம், சுகமான நாய்க்கே கேடு. பபீசியாவில் தப்பியிருக்கும் குழியத்துக்கு அவ்வளவும் தேவையில்லை. உள்ளியும் அப்படியே. வெறும் இறைச்சி, ஈரல் கொஞ்சம், முட்டை, மீன், சோறு போதும். இரும்பு ரொனிக் வாங்கிக் காசைக் கரைக்கவேண்டாம். இரத்தம் வெளியே சிந்தவில்லை. மண்ணீரல் விழுங்கிய குழியத்தின் இரும்பு உடம்புக்குள்ளேயே இருக்கிறது. எலும்பு மச்சை அதை எடுத்துப் புதுக் குழியம் கட்டும். அதற்கு மூன்று முதல் ஐந்து நாள் எடுக்கும். தேவைப்படுவது புரதமும் ஓய்வும். டெங்குக்குக் கொடுக்கிற பழக்கத்தில் பப்பாசி இலைச் சாறு பருக்குவோரும் உண்டு. சிறுதட்டு இங்கே குறைவது அழிக்கப்படுவதால். கிருமியை அடக்காமல் அது நிலைக்காது. கசப்பில் நாய் இருக்கிற சாப்பாட்டையும் விட்டுவிடும்.

இனித் தெருநாயின் கதை. குட்டியாக இருந்தபோதே கிருமி ஏறிச் செத்தவை செத்துப்போக, தப்பியவற்றின் உடம்பில் ஒரு சமநிலை உண்டாகிறது. கிருமி முற்றாகப் போவதில்லை. சொற்ப அளவில் இருந்துகொண்டு நிர்ப்பீடனத்தை விழிப்பாக வைத்திருக்கும். பிறபொருளெதிரியும் மண்ணீரலும் அதை அந்த மட்டத்துக்கு மேலே ஏறவிடாது. ‘ஊர்நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வராது’ என்ற பேச்சின் உண்மை இவ்வளவுதான். கொழும்பில் உண்ணி காணாமல் வளர்ந்து, ஆறு மாதத்தில் இங்கே வந்திறங்கும் ரொட்வைலருக்கோ அல்சேசனுக்கோ அந்த ஏற்பாடு இல்லை. சமநிலையும் உறுதியானதல்ல. குட்டி ஈனுவது, வேறொரு நோய், சத்திரசிகிச்சை, ஸ்ரெரொயிட், எது வந்தாலும் குலையும். வருடக்கணக்காகத் தூண்டப்பட்டுக் கிடக்கும் நிர்ப்பீடனம் தன் பிறபொருளெதிரிக் கட்டிகளைச் சிறுநீரக வடிகளில் படியவிட்டு, சிறுநீரில் புரதம் ஒழுகவும் வைக்கலாம். ஐரோப்பாவில் அங்குள்ள வேறொரு வகையான பபீசியா கனிஸுக்குத் தடுப்பூசி செய்தார்கள். அது தொற்றைத் தடுக்கவில்லை, கடுமையைக் குறைத்தது. கிப்சோனிக்கு அது உதவாது.

ஆக, தடுப்பு என்பது உண்ணியைத் தடுப்பதுதான். கபில நாய் உண்ணி வாழ்நாளின் பெரும்பகுதியை நாயில் கழிப்பதில்லை. மூன்று தடவை ஏறி மூன்று தடவை இறங்கும். இறங்கியதும் மேல்நோக்கி ஏறும் குணம் உண்டு. நாய்க்கூட்டின் நிலத்தை மட்டும் கழுவுவோர் தோற்பது இதனால்தான். விறாந்தைச் சுவர் வெடிப்பு, கூட்டின் மூலை, கிடுகு மடிப்பு, மதில் இடுக்கு, நிலைக்கும் சுவருக்கும் இடைவெளி: பொரித்த குஞ்சுகள் அங்கேதான் இருக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெடிப்பைச் சீமெந்தால் அடைப்பது எந்த மருந்தையும்விட நீடிக்கும். நாய்க்குக் கொடுக்கும் உண்ணிக் குளிசைகளில் ஒரு மாதம் நிற்பதும் மூன்று மாதம்வரை நிற்பதும் உண்டு. வலிப்பு வந்த நாய்க்கு வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். நாய்மேல் ஊற்றும் உண்ணி மருந்தான அமிற்றாஸ் 12.5 சதவீதக் கரைசல் என்றால், ஒரு லீற்றர் நீருக்கு 2 மி.லீ. கலந்தால் பத்து லட்சத்தில் 250 பங்கு வரும். போத்தலில் சொன்ன அளவைத் தாண்டவேண்டாம். சிறு குட்டிக்கு வேண்டாம். ஊற்றியபின் கழுவாமல் நிழலில் காயவிடுங்கள். வெங்காயத் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தை நாயில் பூசுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். வாயால் நுரை தள்ளி, கண்மணி ஊசிமுனையாகி, தசை துடித்து நாய் போய்விடும். கையால் கழற்றும்போது தோலோடு ஒட்டிச் சிறு இடுக்கியால் பிடித்து நேரே இழுக்கவேண்டும்; நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள்.

மருந்து முடிந்த நாயை 60ஆம் நாளும் 90ஆம் நாளும் பிசிஆரில் பார்க்கவேண்டும். இரண்டிலும் இல்லை என்றால்தான் இல்லை. அதுவரை அந்த நாயின் இரத்தத்தை வேறு நாய்க்கு எடுக்கக்கூடாது, குட்டி போட விடக்கூடாது. தாயிலிருந்து குட்டிக்கு வயிற்றிலேயே இறங்கும். மற்ற நாயோடு கடிபடவும் விடக்கூடாது; கிப்சோனி கடிகாயத்தாலும் பரவும். விசர்நாய்த் தடுப்பூசிக்கான நாள் காய்ச்சலுக்குள் வந்துவிட்டால் தேறும்வரை தள்ளிப்போடுங்கள். தேறியதும் அந்தக் கிழமையே போட்டுவிடுங்கள்.